மதுசாரமும் மருத்துவமும் – ஒரு வரலாற்று நோக்கு

மதுவைப் பற்றிய இருவேறு குரல்கள் தமிழர் மத்தியிற் பழங்காலந்தொட்டே ஒலித்து வந்துள்ளன. சங்கச் செய்யுள்களிற் கள்ளும் தேறலும் புரவலனின் வண்மைக்கும் விருந்தின் நிறைவுக்கும் அடையாளங்களாக நிற்கின்றன. திருக்குறளிலோ 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டு, கள்ளுண்பார் நஞ்சுண்பாருக்கு ஒப்பாக வைத்து எண்ணப்படுகின்றனர். புகழ்ச்சி ஒன்று, பழிப்பு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது குரல் ஒன்றும் துணைக்கண்டத்தில் இருந்தது. சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 'மதாத்தியயம்' பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. மதுவின் இயல்பைக் கூறி, அளவிறந்து அருந்தியவனுக்கு நேரும் நோயினை வகைப்படுத்தி, அதனைத் தீர்க்கும் வழியினையும் அது உரைக்கின்றது. குடித்தவனை நோயாளனாகக் கண்டு அவனுக்கு யாது செய்யலாம் என வினவுவதே இம்மூன்றாவது குரலின் சிறப்பாகும்.

மேனாட்டு மருத்துவத்தில் இக்குரல் பதினெட்டாம் நூற்றாண்டின் பின்னர் வளர்ந்த வரலாறு கூர்ந்து நோக்கத்தக்கது. நெடுங்கால மிகுகுடி உடலுக்கு விளைக்கும் கேடுகளை மருத்துவ அறிஞர் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தனர். ஆயின் அவ்வறிவு, கேட்டுக்கு உள்ளானவனிடம் உதவியாகச் சென்று சேர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் பிடித்தது. அறிவுக்கும் உதவிக்கும் இடையே இத்துணை நீண்ட இடைவெளி ஏன் தோன்றியது, அதனால் நேர்ந்த இழப்பு யாது என்பன ஆராய்தற்குரியன.

வடிசாராயத்தின் பெருக்கம்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தின் பொதுமக்கள் பெரும்பாலும் பியரையே அருந்தினர். 1690 இன் பின்னர் உள்நாட்டு வடிசாலைகளுக்கு அரசாங்கம் அளித்த ஊக்கத்தினால் 'ஜின்' எனப்படும் வடிசாராயம் மிக மலிவாகக் கிடைக்கலாயிற்று. இலண்டன் நகரின் ஏழைமக்கள் வாழ்ந்த பகுதிகளில் அது பெருகிய வேகம் கண்டு அஞ்சிய மருத்துவர் கல்லூரி, 1726 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்துக்கு முறைப்பாடு ஒன்றைச் சமர்ப்பித்தது. குடிப்பவர் நோயுறுவது மட்டுமன்றி, அவர்தம் பிள்ளைகளும் வலுவற்றோராய்ப் பிறக்கின்றனர் என்பது அம்முறைப்பாட்டின் சாரமாகும். தாயின் குடி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதை 1968 இல் பிரான்சிலும் 1973 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகளே ஐயந்திரிபற விளக்கின. ஆகவே 1726 ஆம் ஆண்டின் அவதானிப்பு எத்துணைக் கூர்மையுடையது என்பது தெளிவாகும்.

எனினும் அரசு அதனை மருத்துவப் பிரச்சினையாகக் கொள்ளவில்லை. 1736 இலும் 1751 இலும் இயற்றப்பட்ட ஜின் சட்டங்கள் வரியையும் உரிமப்பத்திரத்தையும் பற்றியனவாகவே இருந்தன. 1751 இல் ஹோகார்த் வரைந்த 'ஜின் ஒழுங்கை' என்னும் புகழ்பெற்ற சித்திரமும் குடிகாரரைச் சீர்கேட்டின் உருவங்களாகவே காட்டிற்று. விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. குடித்து நோயுற்றவன் சென்று தட்டுவதற்குக் கதவு ஒன்று இருக்கவில்லை.

பிணவறை கற்பித்த பாடம்

உடலினுள் நிகழ்வது யாது என்பதை முதலில் வெளிப்படுத்தியவை இறந்தோரின் உடல்களே. வில்லியம் ஹன்ரர், ஜோன் ஹன்ரர் ஆகிய உடற்கூற்று அறிஞரின் மருமகனான மத்தியூ பெய்லி, 1793 இல் நோயுற்ற உறுப்புகளின் கூறுகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். கட்டிகட்டியாகத் திரண்டு கடினமுற்ற ஈரலை அதில் விவரித்த அவர், அந்நிலைக்கும் மிகுகுடிக்கும் உள்ள தொடர்பையும் சுட்டினார். இதய ஒலிமானியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவரான லெனெக், 1819 இல் வெளிவந்த தமது நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இந்நோய்க்குச் 'சிரோசிஸ்' எனப் பெயரிட்டார். மங்கிய மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த அப்பெயரே இன்றுவரை வழங்குகின்றது.

இந்நோய் உருவாகும் முறையினைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. அருந்திய மதுசாரத்தின் பெரும்பகுதியைச் சிதைக்கும் பொறுப்பு ஈரலுக்கே உரியது. அளவு மிகும்போது ஈரற்கலங்களிற் கொழுப்புத் தேங்குகின்றது. குடி தொடருமாயின் சிலரில் அழற்சி தோன்றிக் கலங்கள் மடிகின்றன. மடிந்த இடத்தைத் தழும்பிழையம் நிரப்ப, ஈரல் சுருங்கி இறுகுகின்றது. இறுகிய ஈரலினூடாகக் குருதி செல்ல இயலாமற்போகவே வயிற்றில் நீர்கோத்து மகோதரம் உண்டாகின்றது. களத்தின் அடியிலுள்ள நாளங்கள் புடைத்து வெடித்துக் குருதி வாந்தியும் நேரலாம். ஈரல் பெருமளவு பழுதுற்ற பின்னரே செங்கண்மாரி போன்ற வெளிக்குறிகள் தோன்றுவதால், நோயாளி பல்லாண்டுகள் தம்மை நலமுடையவராகவே கருதியிருப்பார்.

ஈரல் மட்டுமே பாதிக்கப்படுவதன்று. மியூனிக் நகரிற் பெருமளவு பியர் அருந்தியோரின் இதயம் பருத்துத் தளர்ந்திருந்தமையை 1884 இற் பொலிங்கர் எடுத்துரைத்தார். 1915 இல் லியன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நாள்தோறும் மிகுந்த அளவில் திராட்சை மது அருந்திய போர்வீரரிடையே உயர் குருதியமுக்கம் மிகுந்து காணப்பட்டமையை அவதானித்தார். சதையியின் நாட்பட்ட அழற்சியும் இவ்வாறே குடியுடன் இணைக்கப்பட்டது. 1988 இற் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுபானங்களை மனிதரிற் புற்றுநோய் விளைப்பன என வகைப்படுத்திற்று. வாய், தொண்டை, களம், ஈரல் ஆகியவற்றின் புற்றுநோய்களுடன், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்பவற்றின் புற்றுநோய்களும் இன்று இவ்வரிசையில் அடங்கும்.

பாவமா? பிணியா?

பிணவறையில் அறிவு வளர்ந்த அதே காலத்தில், உயிரோடிருக்கும் குடிகாரனை எவ்வாறு நோக்குவது என்னும் வினாவும் எழுந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் றஷ், வடிசாராயம் உடலுக்கும் உள்ளத்துக்கும் விளைக்கும் கேடுகள் பற்றி 1784 இல் எழுதினார். மிகுகுடியை நோயெனவே அவர் குறிப்பிட்டார். குடிகாரரைப் பராமரிப்பதற்குத் தனியில்லம் வேண்டும் என்னும் கருத்தையும் பின்னாளில் முன்வைத்தார்.

பிரித்தானியக் கடற்படையின் மருத்துவராகப் பணியாற்றிய தோமஸ் துரொட்டர் இவ்விடயத்தை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். மாலுமிகளுக்கு நாள்தோறும் 'ரம்' பங்கிட்டு வழங்கும் வழக்கம் அக்கடற்படையில் 1970 வரை நீடித்தது என்பதை நோக்கின், துரொட்டருக்கு நோயாளருக்குக் குறைவிருக்கவில்லை என்பது விளங்கும். 1788 இல் எடின்பரோவிற் குடிவெறி பற்றித் தாம் சமர்ப்பித்த ஆய்வேட்டினை விரித்து 1804 இல் நூலாக வெளியிட்டார். குடிப்பழக்கம் உளத்தின் நோய் எனக் கொண்ட அவர், மருத்துவர் முதலிற் பெறவேண்டுவது நோயாளியின் நம்பிக்கையையே என வற்புறுத்தினார். ஒவ்வொருவரும் குடியை நாடிய காரணம் வேறுவேறாதலின், அதனை அறியாது கூறும் அறிவுரை பயனற்றது என்பது அவர்தம் நிலைப்பாடு. கண்டனத்தையே மருந்தாகக் கொண்ட ஒரு சமுதாயத்தில் இது புதுமையான கூற்றாகும்.

1849 இற் சுவீடன் நாட்டு மருத்துவரான மக்னஸ் ஹஸ், 'நாட்பட்ட அல்கஹோலிசம்' என்னும் தொடரை ஆக்கினார். அக்காலச் சுவீடனில் வீடுகள்தோறும் சாராயம் வடிக்கப்பட்டது. ஸ்ரொக்ஹோம் வைத்தியசாலையிற் கண்ட நோயாளரின் நடுக்கம், உணர்விழப்பு, இரைப்பைக் கோளாறு முதலியவற்றை ஒரே காரணத்தின் விளைவுகளாக அவர் தொகுத்துக் காட்டினார். 1855 இல் அந்நாடு வீட்டு வடிப்பைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஆயின் அப்பெயரே நாளடைவில் வசைச்சொல்லாகவும் மாறியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

நரம்பும் நினைவும்

1881 இல் ஜேர்மானிய மருத்துவரான வேர்ணிக்கே மூன்று நோயாளரைப் பற்றி எழுதினார். அவர்களுள் இருவர் மிகுகுடியர். கண்ணசைவு கெடுதல், நடை தள்ளாடல், மனக்குழப்பம் என்பன அவர்களிடம் ஒருங்கே தோன்றின. 1887 இல் மொஸ்கோவிற் கொர்சக்கோவ், புதியன எவற்றையும் நினைவிற்கொள்ள இயலாத நிலையினை விவரித்தார். நெடுங்காலக் குடியால் மூளை நேரடியாக நஞ்சூட்டப்பட்டதன் விளைவே இவை எனப் பலரும் கருதினர்.

உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தியது சிங்கப்பூரிலிருந்த ஒரு சிறைமுகாம். 1942 பெப்புருவரியிற் சிங்கப்பூர் வீழ்ச்சியுற்றபின், சாங்கி முகாமிற் சிறைப்பட்டிருந்த பிரித்தானிய வீரர் தீட்டிய அரிசிச் சோற்றை உண்டே உயிர்வாழ வேண்டியிருந்தது. குடிக்கு இடமேயில்லாத அம்முகாமில், வேர்ணிக்கே கூறிய அதே நோய் தோன்றிற்று. கைதிகளாகவேயிருந்த மருத்துவர்களான டி வார்டனர், லெனொக்ஸ் ஆகிய இருவரும் 52 நோயாளர் பற்றிய தமது பதிவுகளை 1947 இல் வெளியிட்டனர். தயமின் எனப்படும் விற்றமின் பி1 குறைவே நோயின் காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று. மிகுகுடியர் உணவைக் குறைத்துக்கொள்வதாலும், உண்ட உணவிலுள்ள தயமினைக் குடல் உறிஞ்சுவதை மதுசாரம் தடுப்பதாலும் இக்குறைபாடு அவர்களுக்கு நேர்கின்றது. உரிய வேளையில் ஏற்றப்படும் மலிவான விற்றமின் ஊசி மூளையைக் காக்கவல்லது. காலந்தாழ்ந்தால் நினைவு மீள்வதில்லை.

நிறுத்தும்பொழுது நேரும் ஆபத்து

1813 இல் இங்கிலாந்து மருத்துவரான தோமஸ் சற்றன், மிகுகுடியரிடம் தோன்றும் நடுக்கத்தோடு கூடிய மனமயக்கத்தைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். உடல் நடுங்கி, இல்லாதவற்றைக் கண்டு அஞ்சி, உறக்கமின்றி வருந்தும் இந்நிலை மரணத்தில் முடிவது அரிதன்று. இது குடியின் மிகுதியால் வருவதா, குடி நின்றதால் வருவதா என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராதிருந்தது.

1953 இற் பொஸ்ரன் நகர வைத்தியசாலையின் நோயாளரை ஆராய்ந்த விக்ரர், அடம்ஸ் ஆகியோர் குடி நின்றதே காரணம் என எடுத்துக்காட்டினர். 1955 இல் கென்ரக்கி மாநிலத்தின் லெக்சிங்ரன் நகரில் ஐஸ்பெல் குழுவினர் கைதிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை அதனை உறுதிப்படுத்திற்று. இன்றைய ஆய்வு நெறிகளுக்கு ஏலாததான அப்பரிசோதனையில், நிறைவான உணவும் விற்றமினும் பெற்றுக்கொண்டு 48 முதல் 87 நாள்கள் வரை இடையறாது குடித்த அறுவருக்கு மது சடுதியாக நிறுத்தப்பட்டது. அவர்கள் யாவரும் நடுக்கமுற்றனர். சிலருக்கு வலிப்பும் மனமயக்கமும் நேர்ந்தன.

இக்கண்டுபிடிப்பின் மனிதப் பெறுமதி பெரிது. "மனவுறுதியிருந்தால் இன்றே விட்டுவிடலாம்" என்பது உலகெங்கும் குடிகாரனுக்குக் கூறப்படும் அறிவுரை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய ஒருவன் அவ்வறிவுரையை ஏற்றுத் தனியறையிற் கதவடைத்துக் கிடப்பின், அவனுடைய உறுதியே அவனது உயிருக்கு உலையாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குவோரும், முன்னர் வலிப்புக் கண்டோரும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே குடியை நிறுத்துதல் வேண்டும். அதற்குரிய மருந்துகள் 1960களிலிருந்து பரவலாகப் பயன்பட்டு வருகின்றன.

ஈரல் மீளுமா?

குடியினால் உடல் கெட்டபின் நிறுத்தி யாது பயன் என்னும் அவநம்பிக்கை நோயாளரிடம் மட்டுமன்றி மருத்துவரிடமும் நெடுங்காலம் நிலவிற்று. அதற்கு விடையளித்தது போர்க்காலப் பாரிஸ் நகரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கு திராட்சை மது பங்கீட்டுக்கு உட்பட்டது. 1941 இல் இலட்சம் பேருக்கு 35 ஆகவிருந்த சிரோசிஸ் மரணங்கள் 1945 அளவில் 6 ஆகக் குறைந்தன. பங்கீடு நீங்கியதும் மரணங்கள் மீண்டும் ஏறின. இறுகிய ஈரலை உடையோரும் குடி குறைந்தபோது உயிர் பிழைத்தனர் என்பதே இதன் பொருள்.

1968 இல் ஐக்கிய அமெரிக்காவிற் பவல், கிளாற்ஸ்கின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்தது. சிரோசிஸ் நோயுற்ற 278 பேருள், குடியைக் கைவிட்டோரில் நூற்றுக்கு 63 பேரும், கைவிடாதோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும் ஐந்தாண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர். கொழுப்புத் தேங்கிய முதல் நிலையிலேயே நிறுத்துவோருக்குச் சில வாரங்களில் ஈரல் பெரும்பாலும் பழைய நிலையை அடைகின்றது.

நன்றாக உண்பவனுக்குக் குடியால் தீங்கில்லை என்னும் நம்பிக்கையும் இக்காலத்திலேயே தகர்ந்தது. சிரோசிஸ் போசாக்கின்மையால் மட்டுமே விளைகின்றது எனச் சில காலம் அறிஞர் கருதினர். நியூயோர்க்கைச் சேர்ந்த லீபரும் அவருடைய குழுவினரும் நிறையுணவுடன் மதுசாரமும் ஊட்டிய பபூன் குரங்குகளிற் சிரோசிஸ் தோன்றியமையை 1974 இல் வெளிப்படுத்தினர். மதுசாரம் தன்னளவிலேயே ஈரலுக்கு நஞ்சு என்பது அதனால் நிறுவப்பட்டது. பெண்களில், ஆண்களைவிடக் குறைந்த அளவும் குறுகிய காலமுமே இக்கேட்டினை விளைக்கப் போதுமானவை என்பதும் பின்னர் தெரியவந்தது.

உதவியின் வாயில்

அறிவு இவ்வாறு வளர, உதவியின் வரலாறு வேறு பாதையிற் சென்றது. 1840 இற் பல்ரிமோர் நகரிற் குடிகாரர் அறுவர் கூடித் தமக்குள் உறுதி பூண்டு தொடங்கிய வாஷிங்ரோனியர் இயக்கம், சில ஆண்டுகளிற் பெருந்தொகையினரை ஈர்த்துப் பின் விரைவிலேயே சிதைந்தது. எனினும் குடிகாரன் கூறும் அனுபவம் இன்னொரு குடிகாரனுக்கு மருந்தாகும் என்னும் எண்ணம் அதனால் வெளிப்பட்டது.

அவ்வெண்ணம் நிலையான வடிவம் பெற்றது 1935 இலாகும். நியூயோர்க்கின் பங்குத் தரகரான பில் வில்சனும், அக்ரன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணரான பொப் சிமித்தும் சந்தித்ததன் விளைவாக 'அநாமதேயக் குடிகாரர்' என்னும் சங்கம் உருவாயிற்று. அவ்விருவரும் மிகுகுடியாற் சீரழிந்தவர்கள். மருத்துவக் கல்வி முழுவதையும் பெற்றிருந்த சிமித், தமக்கு நேர்வது யாதென அறியாதவரல்லர். அறிவு மட்டும் அவரைக் காக்கவில்லை. தம்மைப்போன்ற இன்னொருவரின் துணையே அவரை மீட்டது.

அக்காலத்தில் வைத்தியசாலைகள் பலவும் குடிகாரரை அனுமதிக்க மறுத்தன. 1939 இல் அக்ரனிலுள்ள புனித தோமஸ் வைத்தியசாலையின் அனுமதிப் பிரிவிற் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேசியா, சிமித்தின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு குடிநோயாளியை அனுமதித்தார். பதிவேட்டில் எழுதப்பட்ட நோய் 'கடும் இரைப்பையழற்சி' என்பதாகும். நோயின் உண்மைப் பெயரை எழுதினாற் கட்டில் கிடைக்காது என்பதே காரணம். பெய்லியின் நூல் வெளிவந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், குடிநோயாளி வேறொரு பெயரிலேயே வைத்தியசாலையின் வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. அறிவுக்கும் உதவிக்கும் இடையே நின்ற இடைவெளியை இதனினும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

1948 இல் கொப்பன்ஹேகனில் ஹால்ட், யாக்கொப்சன் ஆகியோர் குடியை வெறுக்கச்செய்யும் டைசல்பிராம் மருந்தை அறிமுகப்படுத்தினர். 1956 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயாளர் ஏனைய நோயாளரைப்போன்றே பொது வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படல் வேண்டும் எனத் தீர்மானித்தது. பூட்டப்பட்டிருந்த கதவு அவ்வாறு முறைப்படி திறக்கப்பட்டது.

இலங்கையின் நிலை

பிரித்தானியர் ஆட்சியிற் சாராயக் குத்தகை இலங்கை அரசிறையின் முக்கிய ஊற்றுகளுள் ஒன்றாக விளங்கிற்று. 1904 இலும், கலால் கட்டளைச் சட்டம் வந்த 1912 இலும் எழுந்த மதுவிலக்கியக்கம் தவறணைகளுக்கு எதிராகக் கிராமங்களை அணிதிரட்டிற்று. எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் அதன்வழி அரசியல் தலைமை பெற்றனர். தேசிய இயக்கத்தின் வளர்ச்சியில் அதற்குரிய இடத்தை வரலாற்றாசிரியர் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயின் அவ்வியக்கம் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பொருளாதாரத்தையும் பற்றிப் பேசிய அளவுக்கு, ஏற்கெனவே குடிக்கு அடிமைப்பட்டவனின் உடலைப் பற்றிப் பேசவில்லை. தவறணையை மூடுவதே அதன் நோக்கம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரங்களையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கான விற்பனையையும் தடைசெய்தது. இவை யாவும் புதியவர் குடியினுட் புகாது காப்பன. உள்ளே அகப்பட்டவன் வெளிவரும் வழி வேறாகவே அமைதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மிகுகுடி உடலை அழிக்கும் என்பதை மருத்துவம் அறியாதிருந்த காலத்தில் மக்கள் இறந்தமை இயல்பு. அறிந்த பின்னரும் அவர்கள் இறந்தமைக்கு அறியாமையைக் காட்டிலும் வெட்கமே பெரிய காரணமாயிற்று. குடிப்பவன் தன் நிலையை வெளிக்கூற வெட்கினான். குடும்பம் அதனை மறைத்தது. வைத்தியசாலை அவனுக்கு இடமளிக்கத் தயங்கிற்று. இம்மூன்று மௌனங்களுக்கும் இடையில் ஈரல் இறுகிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவிற் பதிவேட்டில் வேறு நோயை எழுதவேண்டியிருந்த நிலைமை, ஈழத்து இல்லங்கள் பலவற்றில் இன்றும் வேறு வடிவில் தொடர்கின்றது. தந்தைக்கு 'வயிற்றுப்புண்' எனவும், தமையனுக்கு 'நரம்புத்தளர்ச்சி' எனவும் அயலாருக்குக் கூறப்படுகின்றது. மருத்துவரிடமும் அவ்வாறே கூறப்படும்பொழுது, பசியின்மை, காலைநேர நடுக்கம், கால் விறைப்பு, உறக்கமின்மை என்னும் தொடக்கக் குறிகள் உரிய பொருளில் வாசிக்கப்படாமற் போகின்றன. நாள்தோறும் அருந்தும் அளவை ஒளிக்காது மருத்துவரிடம் கூறுதலே சிகிச்சையின் முதற்படி. சாதாரண குருதிப் பரிசோதனையும், சில தயமின் ஊசிகளும், மேற்பார்வையுடன் குடியை நிறுத்தும் சில நாள்களும், அதன்பின் நீடிக்கும் ஒருவரின் துணையும் பல உயிர்களைக் காக்கப் போதியன.

துரொட்டர் 1804 இல் மருத்துவரிடம் வேண்டியது நோயாளியின் நம்பிக்கையைப் பெறுதல். இரண்டு நூற்றாண்டு ஆய்வுகள் அதனோடு மருந்துகளையும் முறைகளையும் சேர்த்துள்ளன, அதனை நீக்கவில்லை. குடிநோயாளி தன் நோயின் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொண்டே வைத்தியசாலையின் வாயிலைக் கடக்கக்கூடிய சமுதாயத்திலேயே, மருத்துவம் அரிதின் முயன்று பெற்ற அறிவு தன் முழுப் பயனையும் அளிக்கும்.